கடலுக்கு வராத ஆளின் பங்கு

1. கூட்டம்

அன்று ஏலக்கொட்டகையில் இருந்தவர்கள்:

ஊர்த் தலைவர் கலியபெருமாள். கூட்டம் போட்டவர் அவர்தான்.

தங்கராசு. இரண்டு ஃபைபர் படகு வைத்திருப்பவர். எந்தக் கூட்டத்திலும் தூண் ஓரமாகத்தான் உட்காருவார்.

அவர் மகன் முருகையன். அப்பாவின் படகில் வலை இழுப்பவன். எங்கள் ஊர்க் கபடி டீமுக்குக் கேப்டன். ஆட்டத்தில் லெஃப்ட் கார்னர் நிற்பான்.

பூங்காவனம் அக்கா. தினமும் மீன் கூடையோடு நெடுங்காட்டுக்குப் பஸ் ஏறுபவர்.

சரோஜா. கோவில்பத்தில் தெருத் தெருவாக மீன் விற்பவள்.

இளங்கோ. நெடுங்காட்டுக்காரன். கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

நான். சிங்காரம். மீன் ஏலம் கூறுகிறவன்.

இன்னும் ஊர் ஜனம் இருந்தது. பேசியவர்கள் இவ்வளவு பேர்தான்.

சுனாமி வந்து மூன்று வருஷம் முடிந்த தை மாதம் அது. படகு, வலை, இஞ்சின் எல்லாம் புதிதாக வந்திருந்தன. கபடியில் மட்டும் நாங்கள் பழைய இடத்திலேயே இருந்தோம். மாசியிலும் பங்குனியிலும் கடற்கரை ஊர்களில் போட்டி நடக்கும். போவோம். முதல் ரவுண்டு ஆடுவோம். அவர்கள் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வடக்கே ஓர் ஊர், வெளியாட்களுக்குக் காசு கொடுத்துக் கூட்டி வந்து, வருஷா வருஷம் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் சொன்னார்: "நாமளும் ஒரு ரைடரக் கொண்டாருவோம். வெளில நிக்குதே, அந்தத் தம்பிதான். பூங்காவனம் பாத்துட்டு வந்து சொன்னுச்சு."

"வயக்காட்டுல வெளையாடுறாங்க," என்றார் பூங்காவனம் அக்கா. "ஏழு பேரு நிக்கிறான். இவன் உள்ள போறான். யாரத் தொட்டான், எப்பத் தொட்டான்னு தெரியல. கோட்டுக்கு இந்தாண்ட வந்து நிக்கிறான். நான் கூடைய எறக்கி வச்சுட்டுப் பாத்தேன். அன்னைக்கு யாவாரமே ஆவல."

"எவ்வளவு கேக்குறான்?" என்றார் தங்கராசு.

"முப்பதாயிரம். சீசனுக்கு," என்றார் தலைவர்.

சத்தம் அடங்க நேரம் ஆனது.

"முப்பதாயிரத்துக்கு ஒரு பழைய இஞ்சின் வாங்கலாம்," என்றார் தங்கராசு. "இஞ்சின் வருஷம் பூரா ஓடும். இவன் ரெண்டு மாசம் ஓடுவான்."

"இஞ்சின் போயி கோப்பை வாங்கிட்டு வருமா அண்ணே?" என்றாள் சரோஜா.

"கோப்பையில கொழம்பு வைப்பியா நீ?"

"வாங்கிட்டு வந்து குடுங்க. வச்சுக் காட்டுறேன்."

ஊர்ப் பொதுவில் அவ்வளவு பணம் இல்லை. கோயில் வேலை நடந்துகொண்டிருந்தது. தலைவர் கையை விரித்தார். அப்போதுதான் பூங்காவனம் அக்கா கேட்டார்: "காசு இல்லன்னா என்னா? பங்கு குடுங்க."

எங்கள் ஊரில் சாமிக்குப் பங்கு உண்டு. திருவிழாவுக்கு முன்னால் படகுகள் முறை வைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு படகு, ஓர் ஆள் பங்கை சாமிக்கு ஒதுக்கும். சாமி வலை இழுப்பதில்லை. ஆனாலும் பங்கு போகும். அதே மாதிரி இவனுக்கும் ஒதுக்கலாம் என்பது அக்காவின் யோசனை.

"சாமி வந்து கேட்டு வாங்கல," என்றார் தங்கராசு. "இவன் கேக்குறான்."

ஆனால் கூட்டத்துக்கு யோசனை பிடித்துவிட்டது. பதினெட்டு படகு. முறை வைத்து நாளுக்கு ஒரு படகு. பங்குனி கடைசி வரைக்கும். இளங்கோவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். அவனுக்கு இருபத்துநாலு வயசு இருக்கும். பவர் டில்லர் ஓட்டிப் பிழைப்பவன். எல்லாரையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"ஒரு பங்குன்னா எவ்வளவுங்க வரும்?"

"மீன் வந்தா வரும்," என்றேன்.

"வரலன்னாங்க?"

"வராது."

"எங்க ஊர்லயும் வாய்க்கால்ல தண்ணி வந்தாத்தாங்க நெல்லு. சரிங்க," என்றான்.

2. பேர் சொல்வது

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். ஏல வேலை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தேன். இப்போது கொட்டகைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிப்பது தெரியாது. அதனால் சொல்கிறேன்.

படகு கரை தட்டும். மீனை இறக்கித் தரம் பிரித்துக் கொட்டுவார்கள். நான் ஒரு விலை சொல்லி ஆரம்பிப்பேன். கேட்பவர்கள் ஏற்றுவார்கள். ஏறுவது நின்றால் மூன்று முறை சொல்லி முடிப்பேன். வந்த பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழிக்க வேண்டும். மீதியில் பாதி, படகுக்கும் வலைக்கும் இஞ்சினுக்கும். இன்னொரு பாதி, போன ஆட்களுக்கு. அதைச் சமமாகப் பிரிப்போம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு ஆளின் பேரையும் சத்தமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பேர் சொல்லாமல் கொடுத்தால் அது கூலி. பேர் சொல்லிக் கொடுத்தால் பங்கு. யார் பேரைச் சொன்னோமோ அவன் அந்தப் படகு ஆள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

முதல் முறை தங்கராசு படகுக்கு விழுந்தது. அன்றைக்கு மீன் குறைச்சல். விலை போகாத சூடை மீன் கொஞ்சம், ஒரு கூடை நண்டு. ஐந்து பேர் பேரைச் சொன்னேன். ஐந்து பேரும் வாங்கினார்கள். ஆறாவதாக "இளங்கோ" என்றேன்.

படகில் போனவன் ஒருத்தன் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "யாரு அது? கடலுக்குள்ளயே வுட்டுட்டு வந்துட்டமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தங்கராசு சிரிக்கவில்லை.

அன்று இளங்கோவின் பங்கு அறுபத்திரண்டு ரூபாய்.

3. விலைப் பேச்சு

அதிலிருந்து ஏலக்கொட்டகையில் இதே பேச்சுதான். படகு வருவதற்கு முன்னால் பேச்சு. ஐஸ் உடைக்கும்போது பேச்சு. அவன் அவ்வளவு காசு பெறுவானா, பெற மாட்டானா?

மீன் இல்லாத நாளில் பாவம் என்பார்கள். "அறுபது ரூவாய்க்கு ஒரு கால்தான் தூக்குவான்," என்பாள் சரோஜா. மீன் வந்த நாளில் அதே வாய் வேறு பேசும்.

அந்தச் சமயத்தில் டிவியில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்தார்கள். டீக்கடையில் நானும் பார்த்தேன். ஏலம் கூறியவர் கோட்டு போட்டிருந்தார். கையில் சின்ன சுத்தியல். காலடியில் ஈரம் இல்லை.

மறுநாள் சரோஜா கேட்டாள்: "மாமா, டிவில ஒருத்தரு உங்க வேலையத்தான் பாக்குறாரு. ஒரு ஆளு கோடிக்கணக்குல போறான். நீங்க வஞ்சிரத்துக்கே தொண்டை கிழியக் கத்துறீங்களே."

"அவருக்கு ஐஸ் கரையாது. மெதுவாக் கூறலாம்," என்றேன்.

"அத்தனை கோடி குடுத்து எடுக்குறவன் பைத்தியமா?"

"பைத்தியம் இல்லடி, அவன்கிட்ட இருக்கு," என்றார் பூங்காவனம் அக்கா.

"நம்மகிட்ட?"

"நம்மகிட்ட ஒரு நெடுங்காட்டான் இருக்கான்."

மாசி பிறந்த சமயம், தெற்குத் தெருப் படகு ஒன்று வஞ்சிரக் கூட்டத்தில் வலை போட்டுவிட்டது. படகு தாழ்ந்து வந்தது. கொட்டகை நிறைந்துபோனது. அன்று அந்தப் படகின் முறை. இளங்கோ பங்கு மூவாயிரத்து நூறு.

பேர் சொல்லும்போதே சத்தம் கிளம்பிவிட்டது.

"ஒரே நாள்ல மூவாயிரமா! இன்னும் ஒரு ரைடுகூடப் போவலயே!"

"நேத்து அவனுக்கு ஒண்ணும் விழல. அப்ப யாரும் கேக்கலயே?"

"நேத்து எனக்கும்தான் விழல. நான் கடலுக்குப் போயிட்டு வந்தேன். அவன் எங்க போயிட்டு வந்தான்?"

தங்கராசு தூண் ஓரத்திலிருந்து சொன்னார்: "மூணு வஞ்சிரம் காசு போச்சு. ஒரு பாயிண்டு எவ்வளவு விழுதுன்னு சீசன் முடிஞ்சாத் தெரியும்."

முதல் போட்டிக்குப் போனோம். ஊரே டெம்போ பிடித்து வந்தது. இளங்கோ நன்றாக ஆடினான். நான் கபடி ரொம்பப் பார்த்தவன் இல்லை. ஆனால் அவன் உள்ளே போகும்போது எதிர் டீம் ஒரு அடி பின்னால் போவது எனக்கே தெரிந்தது. முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டம் தோற்றோம். இவன் எடுத்த பாயிண்டையெல்லாம் எங்கள் பையன்கள் விட்டுவிட்டார்கள். எதிராளி பாடி வந்தால் சுற்றி நின்றார்கள். கை நீட்டினார்கள். யாரும் விழுந்து பிடிக்கவில்லை. முருகையன் ஒரு ஆளின் காலைப் பிடித்துவிட்டு, அவன் உதறியதும் விட்டான்.

மறுநாள் கொட்டகையில் அதற்கும் இளங்கோதான் காரணம்.

"தோத்ததுக்கு அவன் என்னா பண்ணுவான்? அவன் பதினோரு பாயிண்டு எடுத்தான்," என்றாள் சரோஜா.

"பத்து பாயிண்டு எடுக்குற ஆளு நம்ம ஊர்லயே இல்லையா? இவனப் பாத்துட்டு அவனுவோ கையக் கட்டிட்டு நிக்கிறானுவோ," என்றார் தங்கராசு.

முருகையன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பூங்காவனம் அக்காதான் வேறு ஒன்று சொன்னார். "நெடுங்காட்டுல இப்ப என்னையக் கூப்புட்டு ஒக்கார வைக்கிறாங்க. நம்ம புள்ளைக்குப் பங்கு குடுக்குற ஊராங்குறாங்க. முன்னெல்லாம் சூடைக்கே பேரம் பேசுவாங்க. இப்பக் கூடை காலியாகி மத்தியானப் பஸ்ஸுக்கே வந்துர்றேன். அதையும் அவன் பாயிண்டுல சேத்துக்குங்க."

"அது உன் பையில சேருது. ஊர்ப் பையில இல்ல," என்றார் தங்கராசு.

"நான் எந்த ஊரு?"



4. முட்டி

இரண்டாவது போட்டி. முதல் ஆட்டத்தின் பாதியில் இளங்கோ பாடிப் போனான். மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அவன் கோட்டைத் தொட்டுவிட்டான். பாயிண்டும் கொடுத்தார்கள். ஆனால் எழுந்திருக்கவில்லை. வலது முட்டி வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. மேலே விழுந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அது ஆட்டம்.

முருகையனும் நானும் ஆட்டோவில் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இளங்கோ கத்தவில்லை. "பாயிண்டு குடுத்தாங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டான். கொடுத்தார்கள் என்றேன்.

டாக்டர் பார்த்தார். எலும்பு முறியவில்லை, உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், ஆடலாமா என்று பிறகு பார்ப்போம் என்றார். இந்த சீசன் முடிந்தது என்று எங்களுக்குப் புரிந்தது.

பவர் டில்லர் ஓட்டுவதும் முடிந்தது என்று இளங்கோவுக்குப் புரிந்தது. முட்டி மடங்காமல் அதன் பின்னால் நடக்க முடியாது. அவன் வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருத்தன்.

5. நிறுத்துவதா

இரண்டு நாள் கழித்துக் கூட்டம் போட்டார்கள். அன்று காலையில் நான் பங்கு பிரிக்கும்போது இளங்கோ பேரைச் சொல்லவில்லை. தலைவர் பொறுங்கள் என்று சொல்லியிருந்தார். அந்தக் காசைத் தனியாக வைத்திருந்தேன்.

பூங்காவனம் அக்கா நெடுங்காட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தார். "படுத்துருக்கான். பாண்டிச்சேரிக்குப் போறதுக்கு வழியப் பாத்துக்கிட்டு இருக்காங்க. பங்க நிப்பாட்டிடுங்கன்னு அவனே சொல்லி அனுப்புனான்."

"அவனே சொல்லிட்டான்," என்றார் தலைவர். அவர் கெட்ட மனுஷர் இல்லை. படகுக்காரர்கள் நாலு பேர் ஏற்கெனவே அவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். "ரைடு போறதுக்குத்தான் பங்கு. ரைடு இல்ல. ஊருக்கும் கஷ்டம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது கையில குடுத்துட்டு முடிச்சுக்குவோம்."

"ஐஸ் வக்காம கெட்டுப்போன மீன வீட்டுக்கா தூக்கிட்டுப் போறோம்? அங்கயே கொட்டிட்டுத்தான வர்றோம்," என்றாள் சரோஜா. இவ்வளவு நாளும் அவனுக்காகச் சண்டை போட்டவள் அவள்தான்.

"அவன் மீனாடி?" என்றார் பூங்காவனம் அக்கா.

சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் பேசினார்கள். எல்லாரும் ஒரே பக்கம்தான். நிறுத்துவது என்று முடிந்த மாதிரிதான் இருந்தது. தங்கராசு தூண் ஓரத்திலிருந்து எழுந்தார். அவர் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"அவன எடுக்காதீங்கன்னு மொதல்ல சொன்னவன் நான். இப்பவும் சொல்றேன். அவன எடுத்தது தப்பு. அந்தக் காசுக்கு இஞ்சின் வாங்கியிருக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "என் படகுப் பங்குல அவன் பேரச் சொன்னியா இல்லையா, சிங்காரம்?"

"சொன்னேன்."

"சத்தமாவா, வாய்க்குள்ளயா?"

"சத்தமாத்தான்."

"அப்ப அவன் என் படகு ஆளு. படகு ஆளு அடிபட்டா என்னா குடுப்போம்?"

எல்லாருக்கும் தெரியும். அரைப் பங்கு. திரும்பப் படகில் கால் வைக்கும் வரைக்கும். அவன் கரையில் உட்கார்ந்து முடிந்த வேலையைச் செய்ய வேண்டும்.

"எங்க அப்பாருக்குக் கயிறு சுத்திக் கை போச்சு. அரைப் பங்கு வந்துச்சு. நாங்க அதுலதான் சாப்புட்டோம்."

"அது கடல்ல அடிபட்டது, தங்கராசு. இது கட்டாந்தரை," என்றார் தலைவர்.

"கடலுக்கு அனுப்புறதுக்கா அவன எடுத்தீங்க? எங்க அனுப்புனீங்களோ அங்க அடிபட்டான்."



தலைவர் கேட்டார்: "அவன் எந்தப் படகுல வந்து கால வைக்கப்போறான்? அரைப் பங்கு எது வரைக்கும்?"

"கபடிக் கோட்டுல கால வைக்கிற வரைக்கும்."

"அதுக்கு ஒரு வருஷம் ஆனா?"

"ஆவட்டும். எங்க அப்பாருக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

தங்கராசு உட்கார்ந்துவிட்டார். தலைவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. "தனியா வச்ச காசுல பாதிய அவன் பேரச் சொல்லி எடுத்து வையி," என்று என்னிடம் சொன்னார். அங்கேயே, மீன் இல்லாத கொட்டகையில், "இளங்கோ" என்று சத்தமாகச் சொன்னேன். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

6. கரை வேலை

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் முடிந்து, கால் ஊன்ற ஆரம்பித்ததும் இளங்கோ வந்துவிட்டான். நெடுங்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவான். அரைப் பங்கு வாங்குகிறவன் கரை வேலை செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வலை பின்னக் கொடுத்தோம். ஒரு கிழிசலைத் தைத்துக் கொடுத்தான். தங்கராசு அதைத் தூக்கிப் பார்த்தார். "இதுல மீன் மாட்டாது. மாடு வேணா கட்டலாம்," என்றார்.

அடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தப் பங்குனியில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் வரவில்லை. "நான் சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டான். சொல் என்றேன்.

பாடிப் பழகின மூச்சு. நிறுத்தாமல் போனான். நானூறு நானூறு நானூத்தம்பது நானூத்தம்பது என்று ஒரே மூச்சு. நடுவில் இடைவெளி இல்லை.

"மூச்சு வுடுடா பாவி!" என்று சரோஜா கத்தினாள். "யோசிக்க வுடு! ஐநூறுக்கு நானே கைய நீட்டிட்டேன்!"

மீன் பேர்தான் அவனுக்குத் தெரியவில்லை. பாரையை வவ்வால் என்றான். வவ்வாலைப் பார்த்துவிட்டு, "இதுவும் அதேதாங்களா?" என்றான். கொட்டகையே சிரித்தது. தங்கராசு, "கண்ண மூடிக்கிட்டுக் கூறு தம்பி. விலை நல்லாத்தான் போவுது," என்றார். அவர் அவனைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவர் மீன் அன்றைக்கு நல்ல விலைக்குப் போனது. பெண்கள் என்னைத் திட்டினார்கள். சீக்கிரம் தொண்டையைச் சரிபண்ணு மாமா, இவனிடம் எங்களால் முடியாது என்றார்கள்.

7. பிடி

பங்குனிக் கடைசியில் எங்கள் ஊரிலேயே போட்டி. இளங்கோ இல்லாமல் ஆடினோம். யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதும் ஜெயித்தோம். ஃபைனலில் வடக்கு ஊர்.

எங்கள் டீமில் வேறு ஏதோ இருந்தது. பாயிண்டு அதிகம் எடுக்கவில்லை. ஆனால் பிடித்தார்கள். எதிராளி உள்ளே வந்தால் விழுந்து பிடித்தார்கள். முருகையன் ஒருத்தன் காலைக் கட்டிக்கொண்டான். அவன் உதறினான், இழுத்தான், முருகையனைத் தரையோடு தேய்த்தான். முருகையன் விடவில்லை. மற்ற ஆறு பேரும் போய்ச் சேரும் வரைக்கும் பிடித்திருந்தான். முழங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது.

இளங்கோ கோட்டுக்கு வெளியே கம்பை ஊன்றி நின்று கத்தினான். பூங்காவனம் அக்கா கூடையைத் தட்டினார். தங்கராசு கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். உட்காரத் தூண் இல்லை.

இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம். எங்கள் ஊருக்கு அதுதான் முதல் கோப்பை.

முருகையன் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "இவ்வளவு நாளா இந்தப் பிடி எங்கடா இருந்துச்சு?"

அவன் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "இருந்துச்சு மாமா. பிடிக்கும்போது மனசு சொல்லும், கை ஒடிஞ்சா நாளைக்கு வலை இழுக்க முடியாதுன்னு. வலை இழுக்கலன்னா அப்பா படகுல வேற ஆளப் போடணும். வூட்டுக்கு என்னா வரும்? அதான் உதறுனா வுட்டுருவோம். எல்லாருமே அப்படித்தான்."

"இப்ப?"

"இப்பத்தான் கபடில அடிபட்டாலும் அரைப் பங்கு இருக்குதே. வெளியூர்க்காரனுக்கே குடுத்தீங்க. எங்களுக்குக் குடுக்க மாட்டீங்களா?"

இதை நான் தங்கராசுவிடம் சொன்னேன். மகன் தன்னிடம் சொன்னதில்லை என்றார்.

8. போன ஆள்

இளங்கோவின் கால் சரியாக அடுத்த தை ஆனது. அது வரைக்கும் அரைப் பங்கு போனது. எனக்குத் தெரிந்து ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

தையில் வடக்கு ஊர்க்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். ரொக்கமாக நாற்பதாயிரம் பேசினார்கள். அவன் நேராக ஏலக்கொட்டகைக்கு வந்து தலைவரிடம் சொன்னான். அவர் எங்கள் எல்லாரிடமும் கேட்டார்.

பேச்சு பழையபடி ஆரம்பித்தது. நன்றி கெட்டவன் என்றார்கள் சிலர். ஒரு காலை வைத்துக்கொண்டு நாற்பதாயிரமா, வடக்கே ஏமாறப்போகிறார்கள் என்றார்கள் சிலர். "நாமளும் நாப்பதாயிரம் குடுத்தா என்னா?" என்றாள் சரோஜா.

தங்கராசு சொன்னார்: "அரைப் பங்கு கால் சரியாவறதுக்குக் குடுத்தது. காலக் கட்டிப் போடுறதுக்கு இல்ல. நல்ல விலை வந்திருக்கு. போவட்டும்."

இளங்கோ போனான். போகும்போது என்னிடம், "வவ்வாலுக்கும் பாரைக்கும் இப்ப வித்தியாசம் தெரியும்ணே," என்றான்.

அந்த மாசியில் எங்களுக்கு எதிராகப் பாடி வந்தான். எங்களிடம் எட்டு பாயிண்டு எடுத்தான். நெடுங்காட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தட்டினார்கள். கடைசியில் முருகையன் அவனைக் கீழே சாய்த்தான். இடது காலைத்தான் பிடித்தான். ஆபரேஷன் ஆன வலது கால்தான் முருகையனுக்குக் கிட்டத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை. எழுந்ததும் இரண்டு பேரும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள்.

அவன் அவ்வளவு காசு பெறுவானா என்று இன்றைக்கும் யாராவது கேட்கிறார்கள். பாயிண்டை வைத்துப் பார்த்தால் பெற மாட்டான். தங்கராசு சொன்னது சரி. ஆனால் நாங்கள் பாயிண்டை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். அடிபட்ட ஆளை நாங்கள் என்ன செய்கிறோம் என்று எங்கள் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு ஆளை வேலைக்கு எடுக்கும்போது என்ன விலை என்று ஊர் முழுக்கப் பேசும். அவனால் முடியாமல் போகும்போது என்ன கொடுக்கிறோம் என்பதைத்தான் கூட வேலை பார்க்கிறவர்கள் மனசில் வைப்பார்கள். நான் வேலையில் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

அந்த வழக்கம் எங்கள் ஊரில் நிலைத்துவிட்டது. கபடியில் அடிபட்டால் படகில் அரைப் பங்கு. முருகையனும் ஒரு முறை வாங்கினான், தோள்பட்டை விலகி. இப்போது பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். சரோஜாவின் மகளுக்கு விரல் முறிந்தபோது அவள் பேரைச் சத்தமாகச் சொன்னேன். இளங்கோவிலிருந்து நான் ஓய்வு எடுக்கும் வரைக்கும் அப்படிப் பேர் சொல்லிக் கொடுத்தது, ஒன்பது பேருக்கு.